கண்ணாயிரத்தின் நெற்றி

"மீசை ரொம்பச் சின்னதா இருக்குதேப்பா" என்றார் கவுன்சிலர் எல்லப்பன்.

டிராயிங் மாஸ்டர் கோதண்டபாணி தூரிகையை எடுத்தார். மீசையே கூடாது என்று தமிழய்யா சொல்லிவிட்டுப் போனது நேற்றுத்தான். சுரண்டிச் சுரண்டி, கான்வாஸில் மேலுதடு இருக்க வேண்டிய இடம் சிரங்கு பிடித்தமாதிரி ஆகியிருந்தது.

பெரிய காஞ்சிபுரத்தைத் தாண்டி, திருப்பருத்திக்குன்றம் போகிற பாதையில், தறிச்சத்தம் ஓய்கிற இடத்தில் இருந்தது அந்த உயர்நிலைப் பள்ளி. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் பலகையில் மட்டும்தான். ஊருக்கு அது கண்ணாயிரம் தோப்பு ஸ்கூல். வெள்ளி விழா வந்தது. தோப்பைக் கொடுத்த வள்ளல் கண்ணாயிரத்துக்குப் படம் திறப்பதென்று முடிவாயிற்று. மனிதர் காலமாகிப் பல வருஷம். போட்டோ ஒன்றுகூட அகப்படவில்லை.

"நீ வரைஞ்சுடுய்யா" என்றார் ஹெட்மாஸ்டர் சீனிவாசன். "விழாவுக்கு வர்ற கல்வி அதிகாரி காதுல உன் பேரைப் போட்டு, வேலையை நிரந்தரம் பண்ணிடறேன்."

கோதண்டபாணி தற்காலிகம். ஏப்ரலில் வேலை போகும். ஜூனில், ஹெட்மாஸ்டருக்கு ஞாபகம் இருந்தால், திரும்ப வரும். நடுவில் கிடக்கும் மே மாதத்தை அவர் மனைவி காந்தா கேழ்வரகுக் கூழிலும், பிறந்த வீட்டு ஏச்சிலும் ஓட்டுவாள். எனவே உடனே தலையாட்டினார்.

"ஆள் எப்படி இருப்பாரு சார்?"

"ஊர்ல விசாரிய்யா. அவரைத் தெரியாதவங்க யாரு?"

அதுதான் வினையாகப் போயிற்று. தெரியாதவர் ஒருவருமில்லை.

"மீசையா? அபசாரம்!" என்றார் தமிழய்யா பராங்குசம். "பெருமாள் கருடசேவைக்குக் குடை பிடிச்சவர் ஓய். நெத்தி நெறையத் திருமண் இட்டுண்டு வருவார். நன்னா பளிச்சுனு போடும்."

கோதண்டபாணி பளிச்சென்று போட்டார். மறுநாள் பெற்றோர் சங்கத் தலைவர், பட்டுக்கடை சம்பந்தம், படத்தைப் பார்த்துக் கொதித்துப்போனார்.

"ஏகாம்பரநாதர் தேருக்கு வடம் புடிச்ச மனுஷன்பா! நான் பக்கத்துல நின்னுக்கினு இழுத்திருக்கேன். அவருக்கே நாமம் போட்டுட்டியே!"

நாமம் அழிந்தது, விபூதிப் பட்டை வந்தது. அது காய்வதற்குள் கவுன்சிலர் திரும்பி வந்துவிட்டார்.

"யோவ், அவரு பகுத்தறிவுவாதி. மேடையில என் தோள்ல கை போட்டுக்கினு பேசினவரு. நெத்தியில ஒரு புள்ளி இருந்துது, அப்புறம் நடக்கறதே வேற!"

கோதண்டபாணி ஹெட்மாஸ்டர் அறைக்கு ஓடினார்.

"எல்லாரும் வேணும்யா எனக்கு. யார் மனசும் கோணக்கூடாது" என்றார் அவர்.

மனசு கோணாமலிருக்கக் கோதண்டபாணி ஒரு தலைப்பாகையை வரைந்து புருவம்வரை இறக்கினார். நெற்றித் தகராறு ஒழிந்தது. கண் பூனைக்கண்ணா, செவ்வரியோடிய கண்ணா என்று புதிதாக ஒன்று முளைத்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டினார். மீசைச் சண்டை மட்டும் ஓயவில்லை. தோள்துண்டை மேலே இழுத்து மூக்குவரை மூடினார்.

ஹெட்மாஸ்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஸ்கூலுக்கு எடம் குடுத்தவரை வரையச் சொன்னா, ஸ்கூல்ல கன்னம் வைக்க வந்தவனை வரைஞ்சிருக்கியே!"

அன்று சாயங்காலம் கோதண்டபாணி வெறும் வகுப்பறையில் உட்கார்ந்து அழுதேவிட்டார். இனி ஜூனிலும் கூப்பிட மாட்டார்கள். காந்தாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

கண்ணாயிரத்தின் மகள் பொன்னியம்மாள் தென்னேரியில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால் வீடு பூட்டிக் கிடந்தது.

"நடவுக்குப் போயிருக்குதுபா. இன்னா விசயம்?" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்நாயகி.

"கண்ணாயிரம் தோப்பு சம்பந்தமா ஞாயித்துக்கிழமை ஸ்கூல்ல எல்லாரும் கூடறாங்கம்மா. அதிகாரி வராரு. அந்தம்மா அவசியம் வரணும்னு சொல்லு."

திரும்பும் வழியில் சைக்கிள் பஞ்சர். தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தவர், விரக்தியில் தலைப்பாகை, கண்ணாடி, துண்டு எல்லாவற்றையும் அழித்தார். கைக்கு வந்த ஒரு முகத்தை வரைந்தார். நெற்றியை மொட்டையாக விட்டார். போகிற வேலை எப்படியும் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை திரை விலகியது. கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். கூச்சல் எழவில்லை. மெல்லத் திறந்து பார்த்தார். ஒருவரை ஒருவர் மிஞ்ச வேண்டுமென்று சம்பந்தமும் பராங்குசமும் கவுன்சிலரும் ஆளுயர மாலைகளோடு மேடைக்குப் பாய்ந்திருந்தார்கள். சாமந்தியும் சம்பங்கியும் ரோஜாவும் படத்தில் குவிந்து, நடுவில் ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது. தத்தம் கண்ணாயிரம் உள்ளே பத்திரமாக இருக்கிறார் என்று ஆளாளுக்குப் பூரித்துப்போய்க் கை தட்டினார்கள்.

"யார் வரைஞ்சது? பிரமாதம்!" என்றார் அதிகாரி.

"எங்க கோதண்டபாணி சார். பாவம், இன்னும் தற்காலிகம்தான்..." என்று இழுத்தார் ஹெட்மாஸ்டர்.

"பண்ணிடலாம், பண்ணிடலாம்."

கோதண்டபாணிக்கு உடம்பு லேசாகிவிட்டது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த காந்தாவைத் தேடிப்பிடித்துச் சிரித்தார். அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இப்போது, இந்தப் பள்ளிக்கு மனமுவந்து இடம் தந்த வள்ளலின் திருமகளார் சில வார்த்தைகள் பேசுவார்" என்று அறிவித்தார் ஹெட்மாஸ்டர்.

சேற்றுக்கறை போகாத காலோடு பொன்னியம்மாள் மேடையேறினாள். மாலைக்குவியலை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, மைக்கில் கேட்டாள்:

"படம் கெடக்கட்டும் சார், எங்கப்பாரு சாவறவரைக்கும் கோர்ட்டுல கேட்டுக்கினு இருந்த தோப்பை இன்னிக்காவது திருப்பிக் குடுக்கறீங்களா, இல்ல மறுபடியும் வாய்தாவா?"