அடுப்பு மூட்டாத லைம் பை

தட்டு ஃபிரீசருக்குள் போகமாட்டேன் என்றது. ஒரு விரற்கடைதான் அதிகம். றெஜினோல்ட் அதைத் திருப்பிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், கடைசியில் ஒரு தள்ளும் தள்ளிப் பார்த்தார். தேசிக்காய்க் கலவை பனியனில் வழிந்ததுதான் மிச்சம்.

“இதுக்கெல்லாம் பயந்தவனா நான்?” என்று ஃபிரிஜ்ஜைக் கேட்டார்.

பயந்தவர் இல்லைதான். கண்டி டவுனில் ஒரு கந்தோரில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்து, பன்னிரண்டு கிளார்க்குமாரை மேய்த்த பிரதம லிகிதர். ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. அம்பிட்டிய வீட்டில் மேய்க்க யாருமில்லை, அவருக்கென்று ஒரு மேசைகூட இல்லை. அதுதான் மனுஷனை அரித்துக்கொண்டிருந்தது. போன வாரம் சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

“கந்தோரையே நடத்தினவனுக்கு ஒரு குசினி பெரிய காரியமா, கத்தரீனா? ஒழுங்கா பிளான் போட்டா ரெண்டு மணித்தியாலத்துல அன்னைக்குச் சமையல் முழுக்க முடிஞ்சிரும்.”

பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து வீட்டிலும் சமைக்கிற கத்தரீனாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணவரின் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினார்.

“அப்போ வெயிலுக்கு ஒரு லைம் பை செஞ்சு காட்டுங்க. அடுப்பே மூட்டத் தேவயில்ல, ஐஸ்ல வச்சா சரி. சனிக்கிழம ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு மூணு மணிக்கு வருவேன். நல்லா வந்திருந்தா குசினி உங்களுக்கு. இல்லாட்டி இனிமே என் சமையலப் பத்தி வாயே தொறக்கக் கூடாது.”

“சரி” என்றார் றெஜினோல்ட், அந்தப் பருப்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லவந்ததை விழுங்கிக்கொண்டு.

அந்தச் சனிக்கிழமைதான் இது. பிஸ்கட்டை நொறுக்கி, உருக்கின பட்டரை விட்டுத் தட்டில் அமுக்கியாயிற்று. டின் பாலும் கிரீமும் எட்டுத் தேசிக்காயின் சாறும் அடித்து மேலே ஊற்றியாயிற்று. ஃபிரீசர்தான் ஒத்துழைக்கவில்லை. உள்ளே சுவரெல்லாம் ஐஸ் கட்டியிருந்தது.

காரணம் தெரிந்த பிறகு அதிகாரிக்கு என்ன கஷ்டம்? மீன், கோழி, துருவின தேங்காய் எல்லாவற்றையும் வெளியே எடுத்து சிங்கில் போட்டார். கரண்ட் கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஃபிரீசருக்குள் ஊற்றினார். ஐஸ் போய்விட்டது. வெந்நீர் மட்டும் கீழே இறங்கி, தரையெல்லாம் ஓடி, பிளக்குக்குள்ளும் புகுந்தது. டப் என்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் இல்லை.

ட்ரிப் சுவிட்சை நாலு தரம் தூக்கினார். நாலு தரமும் விழுந்தது. மே மாத வெயிலில் குசினி வெந்துகொண்டிருந்தது. தட்டில் பட்டர் இளகி, பிஸ்கட் மெல்ல மேலே மிதந்து வந்தது.

ஆள் அசரவில்லை. ஒரு கையில் தட்டு, மறு கையில் குடை. பள்ளத்துப் பாதையில் இறங்கி, சந்தியில் இருக்கும் நஸீபின் கடைக்குப் போனார். வழியில் குடை ஒரு பக்கம் காற்றில் இழுக்க, தட்டு மறு பக்கம் சரிய, சாறு முழங்கைவரை ஓடியது.

“நஸீப், இத ரெண்டு மணித்தியாலம் உங்க ஃபிரீசர்ல வச்சிருங்க.”

“எடம் ஈக்கி சேர், தாங்க. என்ன இது, சூப்பா?”

“லைம் பை.”

நஸீப் மரியாதையாகத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு மேலே, இறால் பார்சலுக்குப் பக்கத்தில், கிடைத்த இடத்தில் வைத்தார்.

றெஜினோல்ட் வீட்டுக்கு வந்தபோது சிங்கிலிருந்த பாரை மீனைப் பூனை இழுத்துக்கொண்டு மதிலேறியது. துரத்தினார். ஈரத்தில் வழுக்கினார். எழுந்து, பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, இரண்டு மணியளவில் ஒருவழியாகக் கரண்டைக் கொண்டுவந்தார். பிறகு பெருமையாகச் சந்திக்கு நடந்தார்.

லைம் பை உறைந்துதான் இருந்தது. ஆனால் சாய்ந்தபடி உறைந்திருந்தது. ஒரு பக்கம் ஹந்தானை மலை, மறு பக்கம் வெறும் பிஸ்கட் தரை. மேலே இறால் வாடை வேறு.

“சேர், இது சாப்பிடுறதுக்கா?” என்று நஸீப் மெதுவாகக் கேட்டார்.

முதல் தடவையாக றெஜினோல்ட் பயந்தார். குசினி போனால் போகட்டும். ஆயுள் முழுக்கப் பருப்பில் உப்பு கூடினாலும் வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிட வேண்டுமே! மணி இரண்டரை. மேட்டில் மூச்சு வாங்க ஏறி, தட்டைக் குரோட்டன் செடிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். இராஜேஸ்வரி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர்.

“அவசரமா ஒரு உதவி வேணும். லைம் பை மாதிரி ஏதாவது...”

சொல்லி முடிக்கவில்லை. இராஜேஸ்வரி உள்ளே போய், வட்டமாக, வெள்ளையாக, ஓரம்கூடச் சிதையாத ஒரு லைம் பையோடு வந்தார்.

“ஒடனே ஃபிரீசர்ல வைங்க சேர். கத்திய சுடுதண்ணில நனச்சு வெட்டுங்க.”

“டீச்சருக்குச் சொல்லிறாதீங்க.”

“ஐயோ, நான் எதுக்குச் சொல்றேன்?”

நேர்மையானவர்களை ஆண்டவர் கைவிடுவதில்லை என்று றெஜினோல்ட் மனதார நினைத்தார். இம்முறை தட்டு ஃபிரீசருக்குள் சுளுவாகப் போனது.

மூன்று மணிக்குக் கத்தரீனா வந்தார். ஈரத் தரையைத் தாண்டினார், சிங்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொரு துண்டும் சாப்பிட்டார்.

“சத்தியமா, இந்த மாதிரி எனக்குச் செய்ய வராது.”

“எல்லாம் பிளான்தான்” என்றார் றெஜினோல்ட். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

“சொன்ன சொல் சொன்னதுதான். குசினி உங்களுக்கு, நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். காலையில அஞ்சு மணிக்கு டீ. ஆறு பத்துக்கு எனக்குச் சோத்துப் பார்சல். ராவைக்கு ரொட்டி.”

“மூணு வேளையுமா?”

“கந்தோரையே நடத்தினவரு நீங்க.”

பதவி உயர்வுக் கடிதம் வாங்கினவர் மாதிரி றெஜினோல்ட் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை. சோறு பொங்கி வழிந்து, கட்டைவிரல் வெந்து, பார்சல் பத்து நிமிஷம் பிந்தியது. கத்தரீனா குறை ஒன்றும் சொல்லாமல், பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். ஆனாலும் ஜெயித்தவன் ஜெயித்தவன்தான் என்று றெஜினோல்ட் தட்டைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டு மதிலடிக்குப் போனார்.

“ரொம்ப உதவி, இராஜேஸ்வரி. நல்ல வேளையா உங்ககிட்ட ஒண்ணு மிச்சம் இருந்துச்சு.”

“மிச்சமா?” இராஜேஸ்வரி தட்டை வாங்கிக்கொண்டார். “டீச்சர் புதன்கெழமயே வந்து, ‘சனிக்கிழம மத்தியானம் எங்க வீட்டுக்காரர் ஓடி வருவாரு, ஒரு லைம் பை ரெடியா வச்சிருங்க, அவரு ஜெயிச்சே ஆகணும்’னு ஓடர் குடுத்துட்டுப் போனாங்களே, சேர்.”