குள்ளன் பின்வாங்க மாட்டான்

பெண் பார்க்க வருகிறவர்கள் அமரவிளை தாண்டிவிட்டார்கள் என்று போன் வந்தபோது, நந்தனா கோடாரியோடு ஒரு பாலத்தை மறித்து நின்றுகொண்டிருந்தாள். பாலம் கம்ப்யூட்டருக்குள். அங்கே அவள் நந்தனாவும் இல்லை. இடுப்புவரை தாடி வைத்த குள்ளன்.

"மக்கா, எந்திரி. இது மூணாவது கல்யாண ஆலோசனையாக்கும்," என்றார் அப்பா சதாசிவன். முதல் இரண்டும் தட்டிப்போனதற்குக் குன்னத்துகாலில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இதுவும் போனால் கடைத்தெருவுக்கே போக முடியாது என்று நான்கு நாளாக அவருக்குத் தூக்கமில்லை.

"நான் எந்திரிச்சா எங்க கூட்டத்தில நாலுபேரும் செத்துப்போவும் அப்பா. பின்வாங்கவும் நாலுபேரும் ஒண்ணாச் சம்மதிக்கணும்."

"ஆரு அந்த மூணுபேரு?"

"ஆருண்ணு தெரியாது. இதில சொந்தப் பேரு கெடையாது."

"செரி, நான் பாத்துக்கிடுதேன். நீ போய் சேலை உடு."

"குள்ளனுக்குக் காலு குட்டை. ஓடுனா தப்ப முடியாது. அதுனால ஓடவே மாட்டான், நின்னு அடிப்பான். இது கேடயம், இது கோடாரி. வேற ஒண்ணையும் தொடாதீங்க."

"முப்பது வருசம் பஸ்சுப் படியில நின்னு ஆளைத் தடுத்த கண்டக்டருகிட்டயா சொல்லுதே?"

பூதங்கள் வந்தன. கேடயம், கோடாரி. கேடயம், கோடாரி. ஐந்தாவது நிமிடத்தில் சதாசிவன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் மட்டும் இறங்கினார்கள்.

மனைவி சுகுமாரி ஓடிவந்தாள். "பயல் எறங்கல்லியே! காருக்குள்ள தலையைக் குனிஞ்சு இருக்கான். வீட்டைப் பாத்ததுமே பிடிக்காமப் போச்சோ?"

சதாசிவன் ஜன்னல் வழியே காரை எட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் விரல் கோடாரியை மூன்று தடவை அழுத்த, ஆற்றுக்குள் கிடந்த இன்னொரு பூதப்படையும் எழுந்து வந்தது.

கூட்டத்தில் வில் வைத்திருந்தவன் எழுதினான்: 'குள்ளா, போதும். பின்வாங்கச் சம்மதி.'

'முடியாது' என்று ஒற்றை விரலால் தட்டினார் சதாசிவன். டிக்கெட் எடுக்காமல் நடுவழியில் நழுவுகிறவர்களை அவருக்கு வாசனையிலேயே தெரியும்.

'கும்பிடுறேன், குள்ளா.'

'நின்னு அடி.'

காருக்குக் கொண்டுபோன சாயா அப்படியே திரும்பிவந்தது. மாப்பிள்ளையின் அப்பா மூன்றாம் முறை வாட்ச்சைப் பார்த்தார். நந்தனா பலகாரத் தட்டோடு சமையலறை வாசலில் நின்று நின்று கால் மாற்றினாள்.

"நாலரைக்கு ராகுகாலம்," சுகுமாரி கண்ணைத் துடைத்தாள். "அதுக்கு முன்ன பயல் பெண்ணைக் காணல்லேன்னா அவங்க போயிருவாங்க. நீங்க இஞ்ச இருந்து பூதத்தை வெட்டுங்க!"

மணி நாலு இருபத்தைந்து. சதாசிவன் பல்லைக் கடித்துக் கேடயத்தை உயர்த்தினார்.

அப்போது கார் டிரைவர் உண்ணி தண்ணீர் கேட்டு உள்ளே வந்தான். சுகுமாரியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"விஷமிக்காண்டாம் சேச்சி, கண்ணைத் துடைங்க. மாப்பிள்ளை பிபின் சாருக்குப் பெண்ணைப் போட்டோவிலயே பிடிச்சாச்சு. ஏதோ ஒரு குள்ளப்பய பாலத்தில நின்னு சம்மதிக்க மாட்டேங்கானாம். அவன் சம்மதிச்ச அடுத்த நிமிசம் சாரு எறங்கி வந்திரும்."