கல்குவாரிக்கு நான் எழுதிக் கொடுத்த சுருக்கம்

வசனகவிதை எழுதுகிறவர்களிடம் ஆபீஸ் வேலையைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தவருக்கு வேலை போகும், வாங்கியவருக்குத் தூக்கம் போகும்.

என் தம்பி செல்வம் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்த புதிது. கல்வராயன் மலையடிவாரத்தில் வரவிருந்த கல்குவாரிக்கு அவர்கள்தான் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தயாரித்தார்கள். அதன் தமிழ்ச் சுருக்கத்தை மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். கூட்டம் நல்லபடியாக முடிந்தால் அவன் வேலை நிரந்தரம்.

“ஈஸிதான்க்கா. இப்ப அங்க இன்னா இருக்குது, குவாரி வந்தா இன்னா கெடும், அத்த எப்டி கம்மி பண்றது, வேற வழி உண்டா. அவ்ளோதான், எழுதிக் குடு.”

நான் முதல் கேள்வியிலேயே தங்கிவிட்டேன். (தங்கினேனா, குடித்தனமே நடத்தினேன்.) பாறை மேல் வெயிலை உரித்துப் போட்டபடி இறங்கும் ஓடை, தனக்குள் முணுமுணுக்கும் சாமைக் கதிர், நிலாவைத் தேனடை என்று நம்பி மரமேறும் கரடி... பக்கம் பக்கமாக ஓடியது. கெடுதலைக் குறைக்கும் வழிக்கு வந்தபோது மூச்சு தீர்ந்திருந்தது. ‘தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கப்படும். மரக்கன்று நடப்படும்.’ முடித்துவிட்டேன். செல்வம் படித்துக்கூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினான். அக்கா மேல் அவ்வளவு நம்பிக்கை.

கூட்டத்தன்று அவன் மைக்கில் வாசிக்க, நான் கடைசி வரிசையில். ஓடை வந்ததும் பந்தல் அடங்கியது. கரடி வந்ததும் கைதட்டல். பெருமை வர வேண்டிய நேரத்தில் நான் தம்பியைத்தான் பார்த்தேன். அவன் சட்டை வியர்வையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“சார், கரடிய இன்னொரு தபா படிங்க!” என்றது ஒரு குரல்.

படித்தான், பாவம். மலையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்தார்.

“ஏம்பா, இம்மாம் அழகா இருக்குதுன்னு நீங்களே எழுதிக்கினு வந்து, தண்ணி தெளிச்சிட்டு ஒடைக்கிறோம்றீங்களே, நல்லாருக்குதா?”

பந்தலே சிரித்தது. குவாரி முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

“எவன்யா இத எழுதினது?”

எழுந்திருக்க நினைத்தேன். முன்வரிசைக்காரரின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். செல்வம் என் பக்கம் பார்க்காமலே, “நான்தாங்க” என்றான்.

சாயங்காலமே வேலை போயிற்று. குவாரி இன்றுவரை வரவில்லை. (அதற்கு நான்தான் காரணமா என்று விசாரிக்கத் தைரியமில்லை.) செல்வம் சங்கராபுரத்தில் மனை விற்கிறான், நன்றாகவே இருக்கிறான்.

போன மாதம் எங்கள் பழைய ஸ்கூட்டியை வாங்க ஒருவர் வந்தார். “வண்டி எப்டி இருக்குதுங்க?” என்று என்னிடம் கேட்டுவிட்டார். நான் மூச்சை இழுத்ததுதான் தாமதம், செல்வம் ஓடி வந்தான்.

“அக்கா, நீ உள்ள போ! நீ சொல்ல ஆரமிச்சா அப்பறம் நாமளே விக்க மாட்டோம்!”