முப்பது மணி நேரத் தொண்டும் மெஹர் பானு வீட்டு வாசலும்

இளைஞர்கள் சமூகத் தொண்டு செய்யாமல் வீணாகிக்கொண்டிருக்கிறார்கள் என்ற கவலை, காட்டாங்குளத்தூருக்கு அப்பால் இருக்கும் பிரகாசமணி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஜூன் மாதம் திடீரென்று வந்தது. கவலை வந்தால் சும்மா இருப்பார்களா? கமிட்டி போட்டார்கள். கமிட்டி மூன்று முறை கூடி, முந்திரி பக்கோடா சாப்பிட்டு, "மாணவர் சமுதாயப் பங்கேற்பு மற்றும் அகமலர்ச்சித் திட்டம்" என்று ஒன்றைப் பெற்றெடுத்தது. அதன்படி ஒவ்வொரு மாணவரும் பருவத்துக்கு முப்பது மணி நேரம் மனமுவந்து தொண்டு செய்ய வேண்டும். மனமுவக்காதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது.

தொண்டு செய்ய இடம் வேண்டுமே. அனகாபுத்தூரில் ஆற்றோரம் இருக்கும் எங்கள் தெருவைத் தத்தெடுத்தார்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் நான் திட்டத்தை மனதார வரவேற்றேன். படிவம், நோட்டீஸ், பேனர் என்று தொண்டுக்கு இவ்வளவு காகிதம் தேவைப்படும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் குறை என்று பார்த்தால் ஒன்றுதான். மெஹர் பானு வீட்டு வாசலில் மழைநீர்க் கால்வாய் அடைத்துக் கிடந்தது. அவர் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவர். போன வருஷ மழையில் தண்ணீர் உள்ளே புகுந்து தையல் மிஷின் பாழாகிவிட்டது. இப்போது புது மிஷின் வாங்கியிருந்தார். ஐப்பசி மழைக்குள் கால்வாய் திறக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

ஜூலையில் முதல் குழு வந்தது. "கால்வாயை அடைக்காதீர்" என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தது. ஆகஸ்டில் வந்த குழு அறுபத்து நான்கு கேள்விகளோடு கணக்கெடுத்தது. "வீட்டு வாசலில் கால்வாய் அடைத்திருப்பது குறித்து உங்கள் மனநிலை: மகிழ்ச்சி, ஓரளவு மகிழ்ச்சி, கருத்து இல்லை" என்பது அதில் நாற்பதாவது கேள்வி. மூன்றாவது குழு மெஹர் பானு வீட்டுச் சுவரில் தெளிந்த நீரோடும் கால்வாய் ஒன்றை வரைந்து, அதில் நான்கு மீன்களையும் விட்டது. நான்காவது குழு கால்வாயைச் சுற்றி நின்று, ஒரு கையை நீட்டி, மறு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு உறுதிமொழி எடுத்தது.

ஒவ்வொரு மணி நேரத் தொண்டு முடிந்ததும் பயனாளியின் போனுக்கு ஓடிபி வரும். அதை மாணவர் தன் போன் ஆப்பில் போட்டால்தான் அந்த மணி நேரம் கணக்கில் ஏறும். மெஹர் பானுதான் பதிவு செய்யப்பட்ட பயனாளி. துணி வெட்டும்போதும் சோறு வடிக்கும்போதும் "அக்கா, ஓடிபி!" என்று குரல் கேட்டபடி இருந்தது. ஒருநாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. அன்று வந்து நின்றவன் ஜெர்சன், மூன்றாம் வருஷ மாணவன்.

"இன்னா தம்பி, நாலு மாசமா வந்துகினு போய்கினு கீறீங்க. கால்வா அப்பிடியே கீதே?"

"என்னக்கா பண்றது? ஆப்ல நாலு ஆப்ஷன்தான் இருக்கு. விழிப்புணர்வு, கணக்கெடுப்பு, ஓவியம், உறுதிமொழி."

"தோண்டுறது?"

"அது இல்லக்கா."

"அப்ப என்னாண்டயும் ஓடிபி இல்ல. போ."

இருநூற்றுப் பன்னிரண்டு மாணவர்களின் அகமலர்ச்சி அன்று பிற்பகலோடு நின்றுபோனது. ஜெர்சனுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, முப்பது மணி நேரத்தை முன்பே முடித்துவிட்ட ரூக்சார் என்ற வகுப்புத் தோழியையும் அப்படியே முடித்திருந்த வேறு நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, கடப்பாறை மண்வெட்டியோடு வந்தான். ஸ்லாபைத் தூக்கினார்கள், இறங்கினார்கள், அள்ளினார்கள். சரியாக இரண்டு மணி நேரம்.

உள்ளேயிருந்து பால் கவர்கள் வந்தன. ஒரு தலையணை வந்தது. அது என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் கட்டுக்கட்டாக "கால்வாயை அடைக்காதீர்" நோட்டீஸ்கள் வந்தன. மூன்று மாதம் சாக்கடையில் ஊறியும் ஓர் எழுத்துகூட அழியவில்லை. என் கடைப் பிரிண்ட் அப்படி.

தேங்கிய தண்ணீர் சளசளவென்று அடையாற்றுப் பக்கம் ஓடியது. மெஹர் பானு வாயெல்லாம் பல்லாக, எல்லோருக்கும் டீயும் சமோசாவும் கொடுத்து, கேட்காமலே ஓடிபியையும் சொன்னார். தோண்டிய போட்டோவோடு ஜெர்சன் அதைப் போட்டதும், ஆப் யோசித்துவிட்டு, "அனுமதியற்ற சேவை" என்று சிவப்பு எழுத்தில் பதில் சொன்னது. திங்கட்கிழமை ஜெர்சனின் ஹால் டிக்கெட் நிறுத்திவைக்கப்பட்டது.

விஷயம் கேள்விப்பட்ட மெஹர் பானு, தைக்க வேண்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு, தாம்பரத்தில் பஸ் மாறி, ஜெர்சனோடு பல்கலைக்கழகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். சமுதாயத் தொடர்பு இயக்குநர் முனைவர் சுந்தர்சிங் எங்களை உட்காரச் சொன்னார். ஜெர்சனைச் சொல்லவில்லை.

"யாரைக் கேட்டுப்பா கிளீன் பண்ணே?"

"அடைச்சிருந்தது சார்..."

"அடைச்சிருந்ததுதானே நம்ம புராஜெக்ட்! அதையே எடுத்துட்டா அடுத்த செமஸ்டர் பசங்க எங்க போவாங்க?"

"சார், புள்ள நல்லதுதானே செஞ்சிச்சு?" என்றார் மெஹர் பானு.

"நல்லதுதாம்மா. ஆனா இது சேவை இல்ல, வேலை. சேவைக்குத்தான் நாங்க. வேலைக்கு ஆளுங்க வேற." சுந்தர்சிங் குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னொரு சிக்கல் பாருங்க. கால்வாய் சரியாயிட்டா நீங்க பயனாளியே இல்ல. நீங்க பயனாளி இல்லன்னா இருநூத்திப் பன்னண்டு பசங்க உங்களுக்குச் செஞ்ச சேவையும் செல்லாது. ஒருத்தருக்கும் ஹால் டிக்கெட் இல்ல."

"அய்யோ அல்லா! அதுக்கு இன்னா செய்யறது?"

"சிம்பிள். கால்வாய் இன்னும் அடைச்சேதான் இருக்கு, ஜெர்சன் அதுக்கு முன்னாடி நின்னு உறுதிமொழி எடுத்தாருன்னு ஒரு லெட்டர் குடுங்க."

"தொறந்து கீறத எப்பிடி சார் அடச்சி கீதுன்னு எழுதறது?"

"பேப்பர்லதானேம்மா. தண்ணிக்குத் தெரியவா போவுது?"

மெஹர் பானு ஜெர்சனைப் பார்த்தார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் வாழ்க்கையில் பொய்க்குக் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று போட்டார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தின் நகல் ஒன்று, விதிமுறைப்படி, வார்டு அலுவலகத்துக்குப் போனது. பதினொரு வருஷமாக நாங்கள் கொடுத்த மனுக்கள் அங்கே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. பல்கலைக்கழக முத்திரையும் இருநூற்றுப் பன்னிரண்டு சாட்சிகளும் சேர்ந்து போனால் நிலைமை வேறு. நாலாம் நாளே லாரி வந்துவிட்டது. மேஸ்திரி யேசுதாசன் ஸ்லாபைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் சுத்தமாக ஓடியது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாபா, அடைப்பு எங்க?"

"எடுத்தாச்சுங்க" என்றேன்.

"பேப்பர்ல கீதே! பிஃபோர் போட்டோ, ஆஃப்டர் போட்டோ ரெண்டும் வெச்சாதான் ஃபைல் மூடும். ஆஃப்டர் ரெடியா கீது. பிஃபோருக்கு நான் எங்க போறது? பெரிய பேஜாரா போச்சே!"

யோசித்தார். முதலில் ஆஃப்டர் போட்டோவை எடுத்துக்கொண்டார். பிறகு, பக்கத்துத் தெருவில் அள்ளி வந்த சேற்றை லாரியிலிருந்து எங்கள் கால்வாயில் கொட்டச் சொன்னார். மெஹர் பானு ஓடிவந்து கத்தினார்.

"ரெண்டு நிமிஷம்க்கா. போட்டோ எடுத்துகினு நாங்களே வாரிட்டுப் போயிடுவோம்" என்றார் யேசுதாசன். எங்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து, "கொஞ்சம் சோகமா நில்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். நின்றோம். நான் மூக்கையும் பொத்திக்கொண்டேன். பிஃபோர் போட்டோ நன்றாக விழுந்தது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மழையில் ஆட்களை இறக்கக்கூடாது என்று பாதுகாப்பு விதி இருக்கிறதாம். அவர் விதியை மீறாதவர். ஃபைலும் பூர்த்தியாகிவிட்டதால் லாரி கிளம்பிப் போனது.

ஒரு மணி நேரத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர். மறுநாள் பரீட்சை, ஹால் டிக்கெட் கிடைத்துவிட்டது என்று அக்காவிடம் சொல்ல வந்த ஜெர்சன், சேற்றைப் பார்த்ததும் எங்கிருந்தோ கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். மெஹர் பானு குறுக்கே நின்று மறித்தார்.

"கைய வெக்காத தம்பி! அடச்சி கீதுன்னு நான் எழுதிக் குடுத்துகீறேன். நீ திரும்பத் தொறந்தா திரும்ப டிக்கெட்ட புடுங்கிடுவானுங்க. போய்ப் படி."

"மிஷின் போயிடும்க்கா!"

"போனா போவுது. வருஷம் போனா வராது."

ஜெர்சன் கடப்பாறையை எங்கள் பக்கம் நீட்டினான். இரண்டு பக்கமும் மாடிகளில், படிகளில் நாங்கள் நாற்பது பேர் இருந்தோம். எங்களில் யாருக்கும் பரீட்சை இல்லை. யாருடைய ஹால் டிக்கெட்டையும் யாரும் நிறுத்த முடியாது. எங்களுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தெருத்தொண்டு என்பது மாணவர்களுக்காக ஏற்பட்ட திட்டம். இடையில் நாங்கள் புகுந்தால் நன்றாக இருக்குமா?

தண்ணீர் அவர் வீட்டு வாசற்படி ஏறியது. மெஹர் பானு எங்களை ஒரு தரம் பார்த்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பையன் கையிலிருந்த கடப்பாறையை வாங்கி, தானே சேற்றில் இறங்கினார்.

நாங்களும் சும்மா இருந்துவிடவில்லை. எதிர்வீட்டுக்காரர் அதை வீடியோ எடுத்தார். மழையில் போன் நனையாமல் நான் குடை பிடித்தேன்.