தங்கள் குமாரத்தி ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட்’ ஃபோல்டருக்குள் போனது எப்படி

மல்லேஸ்வரம்,
பெங்களூரு

மகாராஜராஜஸ்ரீ சேஷகிரி அவர்கள் சமூகத்துக்கு, ஆராவமுதன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

இங்கு யாவரும் க்ஷேமம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் இங்கே ஒருத்தரும் க்ஷேமமாக இல்லை. என் புத்திரன் ஷ்ரேயாஸ் என்னோடு பேசுவதில்லை. என் அகத்துக்காரி அலர்மேல்மங்கை காபி டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. தாங்களோ போனை எடுப்பதில்லை. தையில் நிச்சயதார்த்தம் என்று பேசி, தாம்பூலம் மாற்றாத குறையாக இருந்த இடத்தில், “யோசிச்சுச் சொல்றோம்” என்று தங்களிடமிருந்து ஒரே ஒரு வாட்ஸப் வந்து விழுந்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பெண்வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்! ஆகையால் தங்கள் குமாரத்தி சி.சௌ. ஸ்வர்ணா எங்கள் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட்’ ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்தது எப்படி என்பதை உள்ளது உள்ளபடி விளக்கவே இதை எழுதலானேன்.

ஷ்ரேயாஸுக்குப் பெண் தேட ஆரம்பித்ததிலிருந்து என் போனில் ஜாதகமும் போட்டோவுமாகக் கொட்டி, கடைசியில் அது ‘இடமில்லை’ என்று மூச்சை விட்டுவிட்டது. ஷ்ரேயாஸ் இன்டர்நெட்டில் தன் பெயரில் ஒரு இடம் பிடித்து, “அப்பா, இதெல்லாம் மேல கிளவுட்ல இருக்கும், நீங்க ஃபோல்டர் போட்டு அடுக்கிக்கோங்கோ” என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டான். யாரிடம் சொன்னான்? சர்வீஸ் முழுக்க சர்க்கார் ஆவணப் பிரிவில் ஃபைல் தூசி தின்றவனிடம் சொன்னான். எங்கள் காலத்தில் ஒரு புது ஃபைல் திறக்க வேண்டுமென்றால் சூப்பரின்டென்டென்ட் கையெழுத்து வேண்டும், அவர் காபி குடிக்கப் போயிருப்பார், காபி குடித்துவிட்டு வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். இங்கே ஒரு பிளஸ் குறியை அமுக்கினால் ஃபோல்டர் வருகிறது ஸ்வாமி! அதற்குள் போய் அமுக்கினால் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. கேட்பாரில்லை. எனக்குக் கை நிற்கவில்லை. ‘வரன்’ என்று பெரிய ஃபோல்டர், அதற்குள் ‘நம் பையன்’, ‘வேண்டாம்’, ‘அவர்களே வேண்டாம் என்றது’, அப்புறம் இந்த ஊரில் ஆட்டோக்காரரிலிருந்து பில்டர் வரைக்கும் கொஞ்சம் சரிக்கட்டிக்கோங்கோ என்பதற்குச் சொல்கிற அதே ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட்’. அதற்குள் எதை அட்ஜஸ்ட் பண்ண வேண்டும் என்பதற்குத் தனித்தனி ஸப்-ஃபோல்டர். உயரம். சமையல் தெரியாது. ஊர்க்கோடி ஒயிட்ஃபீல்டில் வீடு. இப்படி.

தங்கள் குமாரத்தியிடம் அட்ஜஸ்ட் பண்ண ஒன்றுமே இல்லை. இதை எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். பெண் பார்க்க வந்தபோது அவள், “மாமா, உங்களுக்கு சர்க்கரை போடவா, இல்ல மாமி பார்க்காத நேரத்துல போடவா?” என்று கேட்டாளே, அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அன்றைக்குத் தாங்கள் தங்கள் அபார்ட்மென்ட் போர்வெல் எப்படி வற்றியது, டேங்கர்காரன் எப்படி ஏமாற்றினான், காவேரி கனெக்‌ஷனுக்குத் தாங்கள் எப்படி நடையாய் நடந்தீர்கள் என்று ஆரம்பித்தவர், கேசரி ஆறி, பஜ்ஜி ஆறி, என் கால் மரத்துப் போகிற வரைக்கும் நிறுத்தவில்லை. பெண்ணும் பிள்ளையும் தனியாக ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று அனுப்பினோமே, அவர்கள் பேசி முடித்துத் திரும்பி வந்தும் தாங்கள் இரண்டாவது போர்வெல்லில்தான் இருந்தீர்கள். அதனால்தான் வரன் › ஸ்வல்ப அட்ஜஸ்ட் › பெண்ணின் அப்பா › வாய் என்று ஒரு ஃபோல்டர் உண்டானது. அந்த ‘வாய்’ நான் போட்டதில்லை. சத்தியமாக அலமேலு போட்டது.

சரி, உள்ளே என்ன இருந்தால் என்ன, தங்களுக்கு ஏன் தெரிய வேண்டும்? அங்கேதான் என் புத்தி சர்க்கார் புத்தியாக வேலை செய்தது. பையன் ஜாதகத்தையும் போட்டோவையும் இன்னொரு தரம் அனுப்பச் சொன்னீர்களே, அது ‘நம் பையன்’ ஃபோல்டரில் இருந்தது. நான் தங்களுக்கு ‘வரன்’ முழுசுக்கும் லிங்க் அனுப்பினேன். எங்கள் ஆபீஸில் பீரோ சாவி வேறு, உள்ளே டிராயர் சாவி வேறு. பீரோவைத் திறந்துவிட்டால் மட்டும் டிராயர் திறந்துவிடுமா? வேண்டிய டிராயரை அப்புறம் திறந்து காட்டலாம் என்று இருந்தேன். இங்கே வெளிக்கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற அத்தனையும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதோடு போயிற்றா? லிங்க் கொடுக்கும்போது அது கேட்டது, தங்களை ‘பார்வையாளர்’ என்று போடுவதா, ‘எடிட்டர்’ என்று போடுவதா என்று. சம்பந்தியாகப் போகிற பெரியவரை வெறும் பார்வையாளர் என்று போடலாமோ? கல்யாணத்தில் கடைசி வரிசையில் உட்கார வைத்த மாதிரி இருக்காதோ? மரியாதைக்காக எடிட்டர் என்று போட்டேன்.

அன்றைக்கு மத்தியானமே தாங்கள் போன் பண்ணி, “உங்க ஃபோல்டரெல்லாம் ரொம்ப நன்னா அடுக்கி வச்சிருக்கேள்” என்றீர்களே, அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, தாங்கள் எல்லா டிராயரையும் திறந்துவிட்டீர்கள் என்று. உடனே ஓடிப்போய் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட்’ என்பதை ‘மிகவும் உத்தமம்’ என்று மாற்றினேன். தாங்களும் தங்கள் சம்சாரம் வீணா மாமியும் அதைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், கண்ணெதிரே பெயர் மாறுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதில் சமையல் தெரியாததும் ஒயிட்ஃபீல்டும் எல்லாம் சேர்ந்து மிகவும் உத்தமமாகிவிட்டது வேறு. மறுபடி பழைய பெயரையே போட்டேன். சரி, ‘வாய்’ ஒன்றையாவது குப்பையில் போடலாம் என்று இழுத்தேன், மௌஸ் கை நழுவி அது ‘நம் பையன்’ ஃபோல்டருக்குள் விழுந்தது. இப்போது பார்த்தால் வாய் என் பிள்ளைக்கு இருக்கிறது! பதறிப்போய் அதை அழிக்கிறேன் பேர்வழி என்று ‘நம் பையன்’ முழுசையும் அழித்தேன். தாங்கள் மறுநாள் திறந்தபோது பையன் வீட்டில் பையனே இல்லை. “பையனையே எடுத்துட்டேளே, அப்ப சம்பந்தம் வேண்டாம்னுதானே அர்த்தம்?” என்று மாமி அலமேலுவிடம் கேட்டாராம். அதிலிருந்து இந்த வீட்டில் எனக்கு ரசம் மட்டும்தான்.

நான் தங்களிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்த ஃபோல்டரை வைத்து என் பிள்ளையை ஒதுக்கிவிடாதீர்கள். அவன் அன்றைக்குத் தங்கள் வீட்டிலிருந்து வந்ததிலிருந்து தானாகச் சிரித்துக்கொண்டிருந்தான், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு வந்தாலும் சிரித்துக்கொண்டுதான் வருவான். இப்போது அந்தச் சிரிப்பு போய்விட்டது. எனக்குத் தாங்க முடியவில்லை ஸ்வாமி. அட்ஜஸ்ட் பண்ண வேண்டியவர் தாங்கள் மட்டும் இல்லை. ‘பெண்ணின் அப்பா’வுக்குப் பக்கத்திலேயே அலமேலு ‘பையனின் அப்பா’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறாள், தாங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒன்றும் இல்லை. ஏனென்று கேட்டேன். “எழுத ஆரம்பிச்சா கிளவுட் தாங்காதுன்னு விட்டுட்டேன்” என்றாள்.

தாங்கள் வாருங்கள். போர்வெல் கதையை முதலிலிருந்து சொல்லுங்கள். மூன்றாவது போர்வெல் இருந்தாலும் கேட்கிறேன். இனிமேல் என் ஆயுசில் ஒரு ஃபோல்டர் போட மாட்டேன், இது உறுதி.

வீணா மாமிக்கு என் நமஸ்காரம். குழந்தை ஸ்வர்ணாவுக்குப் பரிபூரண ஆசீர்வாதம். தங்கள் போர்வெல்லில் தண்ணீர் பெருகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி என்று எழுதக் கை துடிக்கும்,
ஆராவமுதன்

பி.கு: மேலே கண்டதை அலமேலு வாசித்துவிட்டாள். ‘வாய்’ போட்டது நான்தானாம். சரி, நான்தான். இதற்குள் ஷ்ரேயாஸ் லாப்டாப்போடு ஓடி வந்தான், முகம் முழுக்கப் பல். என்னோடுதான் பேசவில்லையாம், ஸ்வர்ணாவோடு தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறானாம்! தாங்கள் லிங்கை அவளுக்கு அனுப்பியிருக்கிறீர்கள், நான் மரியாதைக்குக் கொடுத்த எடிட்டர் பதவி அவள் கைக்குப் போய்விட்டது. ரெண்டு பேருமாகச் சேர்ந்து மற்ற ஃபோல்டர்களை எல்லாம் குப்பைக்கு அனுப்பிவிட்டு, ‘வரன்’ என்பதை ‘நிச்சயதார்த்தம்’ என்று மாற்றி, மண்டபம், சமையல், நாயனம் என்று உள்ளே பிரித்து வைத்திருக்கிறார்கள். தாங்களும் நானும் யோசித்துச் சொல்ல இனி ஒன்றுமில்லை, ஆகவே நான் மேலே கெஞ்சியதெல்லாம் வாபஸ், மூன்றாவது போர்வெல் உட்பட. ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட்’டை மட்டும் அந்தப் பெண் அழிக்கவில்லை. அதற்குள் ‘அப்பாக்கள்’ என்று ஒன்று போட்டு, நம் ரெண்டு பேர் போட்டோவையும் வைத்திருக்கிறாள். தங்களுக்குத் தனியாக ஒரு ஸப்-ஃபோல்டர் போடலாம் என்று பிளஸ் குறியைத் தேடினேன், காணோம். ஷ்ரேயாஸைக் கேட்டேன். நாம் ரெண்டு பேரும் இனிமேல் வெறும் பார்வையாளராம்.