அசையாதீங்க, நடிங்க!

சினிமாவில் நடித்தவரைக்கூட மன்னித்துவிடலாம். சினிமாக்காரர்களைப் படம் பிடித்தவர் இருக்கிற ஊரில் மட்டும் குடியிருக்காதீர்கள்.

எழுபதுகளில் மலேசியாவின் பீடோங்கில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் செலஸ்டின். சிங்கப்பூர் ஸ்டூடியோ ஒன்றில் பத்து வருடம் ஸ்டில் போட்டோகிராபர். சுவரொட்டிக்காக நடிகர்களை அசையாமல் நிறுத்திப் படமெடுப்பது வேலை. ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். இவரை யாரும் மூடவில்லை. ஊருக்கு வந்து போட்டோ கடை திறந்தார்.

அன்றிலிருந்து சுற்றியிருந்த ரப்பர் தோட்டத்துச் சனங்களுக்குச் சோதனைதான். மணப்பெண்ணின் முந்தானையைக் காற்றாடி வைத்துப் பறக்கவிட்டு, மாப்பிள்ளையைப் பின்னால் மங்கலாக நிறுத்தி, மாமியாரைப் படத்துக்கு வெளியே துரத்துவார். தேவாலயத்தில் முதல்முறை புதுநன்மை வாங்கிய பிள்ளையிடம், "கண்ணு கலங்கணும், ஆனா தண்ணி கீழ விழக்கூடாது" என்பார். பிள்ளை அழுதது. தண்ணீர் விழுந்தது.

சுங்கை லாலாங் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் பிச்சையம்மாளும் ஒருநாள் வந்தார். குடியுரிமைக்கு மனுப் போட்டு, மலாய்ப் பேச்சுத் தேர்விலும் தேறிவிட்டார். ஓட்டுரிமையோடு வரும் நீல ஐ.சி., அதாவது குடிமக்கள் அடையாள அட்டை, கிடைக்கப் படம் ஒன்றுதான் பாக்கி.

"கேமராவைப் பாக்காதீங்கக்கா. தூரத்துல உங்க மகன் கப்பலேறிப் போறான், அதைப் பாருங்க."

"எனக்கு மகனே இல்லையே, தம்பி."

"அதான் சோகம்! அப்படியே இருங்க."

பாதி முகம் ஒளி, பாதி இருள். அற்புதமான படம். மனுவை வாங்கும் பதிவு அலுவலகத்து மனோகரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொரு காது எங்கக்கா? ரெண்டும் தெரியணும்லா. திங்கக்கிழமைக்குள்ள வேற படம் கொண்டாங்க, இல்லாட்டி முதல்ல இருந்து மனுப் போடணும்."

பிச்சையம்மாள் அடுத்த பஸ்ஸிலேயே கடைக்குத் திரும்பினார்.

"முப்பது வருசமா இந்த மண்ணுல மரம் வெட்டுறேன், தம்பி. பாதி ஆளுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

ஒளியைப் பற்றிப் பாடம் நடத்த வாய் திறந்த செலஸ்டின், அந்த முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். விளக்குகளை நேராகத் திருப்பினார். பின்னால் வெள்ளைத் துணியைக் கட்டினார்.

"என்னைப் பாருங்கக்கா. சும்மா பாருங்க."

அந்தக் கடையில் யாரும் நடிக்காமல் எடுத்த முதல் படம் அது. சில மாதங்களில் நீல ஐ.சி. வந்தது. அதைக் காட்டவே பிச்சையம்மாள் பஸ் ஏறி வந்தார். செலஸ்டின் வாங்கி உற்றுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் சரி, ஆனா இதுல கதை இல்லையேக்கா."

"கதையைக் காட்டுனா ஓட்டுப் போட விடுவானா, தம்பி?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன பிறந்தநாளில், பிள்ளை ஊதி அணைத்த மெழுகுவத்திகளை மறுபடி கொளுத்தச் சொல்லி, "எல்லாரும் இயல்பா சிரிங்க!" என்று அதட்டியது உங்கள் வீட்டில் யார்?