ஆவுடையப்பன் கூரை போட்டார்

கூட்ஸ் கிளார்க் ஆவுடையப்பன் அந்த வருஷம் மனைவி பொன்னுத்தாயைக் கூப்பிட்டு வைத்துச் சபதம் செய்தார். திருச்சியில் ரயில்வே ஊழியர்களுக்காக நடக்கும் கைவேலைப் பொருட்காட்சியில் முதல் பரிசு வாங்காவிட்டால் மீசையை எடுத்துவிடுவாராம். மீசை ஒன்றும் பெரிய மீசை இல்லை. ரோஷம்தான் பெரிது.

கள்ளிப்பெட்டிப் பலகையில் புதுக்கோட்டை ஸ்டேஷனை முழ நீளத்துக்கு அப்படியே செய்துவிட்டார். மாஸ்டர் ரூம், டிக்கெட் ரூம், வெயிட்டிங் ரூம், பார்சல் ரூம், விளக்கு ரூம் என்று உள்ளே ஐந்து அறைகள். பாக்கி மரக்கூரைதான். அதற்கும் கள்ளிப்பெட்டிப் பலகையையே போட்டுப் பார்த்தார். ஸ்டேஷன் மாட்டுக்கொட்டகை ஆகிவிட்டது. மெல்லிய தேக்காக, நாள்பட்டு நிறம் ஏறியதாக ஒரு பலகை வேண்டும். ஊரெல்லாம் அலைந்தார். கடைசியில் அது அவர் வீட்டு அடுப்படியிலேயே இருந்தது. பொன்னுத்தாய் சீராகக் கொண்டுவந்த அஞ்சறைப்பெட்டியின் மூடி.

புதன்கிழமை அவள் குளத்துக்குப் போன நேரத்தில் மூடி இரண்டாக அறுபட்டது.

"என்னங்க, அஞ்சறைப்பெட்டி மூடியக் காணோமே."

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"தேக்கு மூடியவா?"

"இந்த வீட்டு எலி எதத்தான் விட்டுச்சு?"

பொன்னுத்தாய் அவர் வேட்டியில் ஒட்டியிருந்த மரத்தூளை ஒரு தரம் பார்த்தாள். "பெரிய எலியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தப்பித்தோம் என்று ஆவுடையப்பன் மூச்சுவிட்டார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் மனுஷருக்குப் புத்தி வரவில்லை.

அன்று முதல் அவளுக்கு ஸ்டேஷன் மேல் ஒரே கரிசனம். அவர் கூரையை உப்புத்தாளால் தேய்த்தால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"கூரைய ஒட்டிப்புடாதீங்க. தூக்கிப் பாத்தாத்தானே உள்ள அஞ்சு ரூம் இருக்குறது தெரியும்?"

"அட, ஆமா."

"வார்னிஷ் வேணாம், நாத்தம் கொடலப் பொரட்டும். நல்லெண்ண தேச்சு விடுங்க, தேக்கு மினுங்கும்."

"ஒனக்கு இம்புட்டு வெவரம் எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

"எல்லாம் ஒங்களப் பாத்துத்தான். இடுக்கு விடாம மூடுற மாதிரி இழைங்க. எறும்பு நொழஞ்சுரும்."

"ஸ்டேஷனுக்குள்ள எறும்பு எதுக்கு வருது?"

"சும்மா சொன்னேன்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இடுக்கே இல்லாமல் இழைத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் கூரை கச்சிதமாக உட்கார்ந்தது. பரிசு கைக்கு வந்த மாதிரியே படுத்துத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திருச்சி ரயில். மேஜை மேல் ஸ்டேஷன் இல்லை.

"பொன்னுத்தாயி, ஸ்டேஷன் எங்க?"

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

அடுப்படிக்கு ஓடினார். அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் புதுக்கோட்டை ஸ்டேஷன் உட்கார்ந்திருந்தது. கூரையைத் தூக்கினார். டிக்கெட் ரூமில் கடுகு. பார்சல் ரூமில் சீரகம். மாஸ்டர் ரூமில் மஞ்சள். விளக்கு ரூமில் வெந்தயம். வெயிட்டிங் ரூமில் மிளகு காத்திருந்தது.

இது என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தார். அப்படியானால் கூரை யாருடையது என்று அவள் கேட்பாளே. வாயை மூடிக்கொண்டு கூரையையும் மூடினார்.

பொன்னுத்தாய் மூடியில்லாத பழைய அஞ்சறைப்பெட்டியைக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"வெறுங்கையோட போகாதீங்க. இதக் கொண்டுபோயி வைங்க. இதுலயும் அஞ்சு ரூம் இருக்கு. கூரை எங்கன்னு கேட்டா, எலி தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லுங்க."

அவர் பெட்டியைத் திரும்ப அவளிடமே நீட்டினார்.

"போகலையா? அப்பச் சரி" என்றாள். "மீச எடுக்க வெந்நி போட்டு வச்சிருக்கேன். ஆறுறதுக்குள்ள வாங்க."